எண்பதாயிரம் டொலர் வள்ளமும் நாப்பது டொலர் ஜக்கெற்றும்

முதலிலயே சொல்லிப்போடுறன், இது கோபத்தில எழுதிறது. இண்டைக்கு ஊர் நினைவும் இல்லை, ஒடியல் கூழும் இல்லை. அதுகளை எதிர்பார்த்து வந்தவை அடுத்த கிழமை வாங்கோ.

மாசி மாசம் இஞ்ச ரவுண்ட் ராக்கில ஒரு பிறந்தநாள் வீடு. (எங்கட எழுத்தில எழுதினால் றவுண்ட் றொக் எண்டுதான் வரவேணும். இந்தியத் தமிழ் நண்பர்கள் ராக் எண்டு எழுதி எழுதி எனக்கும் பழகிப் போட்டுது.) கேக் வெட்டி முடிய ஆம்பிளையள் எல்லாரும் வாசலுக்கு இறங்கிட்டினம். அங்க நிக்குது ஒரு வள்ளம். இருபது அடி. சிவப்பில மினுக்கம் தூவினது. பின்னால 250 குதிரைவலு எஞ்சின். முன்னால ஒரு மின்சார மோட்டர், ரெண்டு பெரிய திரை. மீன் தண்ணிக்குக் கீழ படுத்திருக்கிறது அதில தெரியுமாம். எண்பதாயிரம் டொலருக்கு மேல, பதினைஞ்சு வருசக் கடன். அந்தக் குடியிருப்பில வள்ளத்தை வாசலில விடக் குடியிருப்போர் சங்கம் விடாது. வேற இடத்தில மாசவாடகை குடுத்து நிப்பாட்டி வைச்சிருக்கிறதை, அண்டைக்கு எங்களுக்குக் காட்டவெண்டு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அதுகூடப் பரவாயில்லை. அவரவர் காசு. என்னைப் பார்த்து அந்தத் தம்பி சொன்ன கதைதான் எனக்கு ஏறினது. "அண்ணை, இது உங்கட ஊர் மாதிரி வலை வீசுற வேலை இல்லை. இது ஸ்போட். இதுக்கு ஒரு டெக்னிக் இருக்கு." சுத்தி நிண்டவை சிரிச்சினம். நானும் சிரிச்சன். பிறந்தநாள் வீட்டில வேற என்ன செய்யிறது?

நான் மயிலிட்டியான். பாக்குநீரிணைப் பக்கம் முகத்தை வைச்சிருக்கிற ஊர். இலங்கை முழுக்க மீன் அனுப்பின துறை. 1990 ஆனியில உடுத்த துணியோட வெளிக்கிட்டம். துறைமுகத்தைத் திருப்பி விட்டது 2017 ஆடியில. இருபத்தேழு வருசம். அப்பா அதைப் பாக்கேல்லை. அவர் கடலுக்குப் போகேலாமல் போன பிறகு முகாம் வாசலில இருந்து வலை பொத்தினவர், ஆற்றையோ வலையை, கூலிக்கு. நான் படிச்ச பள்ளிக்கூடத்தில எனக்குப் பக்கத்தில இருக்க மாட்டன் எண்டு எழும்பிப் போன பெடியள் இருந்தவங்கள். மீன் மணக்குதாம். வீட்டுக் கிணத்தில தண்ணி அள்ள விடாத ஆக்களும் இருந்தவை. அது எந்தக் கணக்கில எண்டு இதை வாசிக்கிற யாழ்ப்பாணத்தாருக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அண்டைக்கு மூக்கைப் பொத்தினவையின்ர பிள்ளையளும் பேரப்பிள்ளையளும் இண்டைக்கு ரெக்சாஸில கடன் எடுத்து வள்ளம் வாங்கி, மீனைக் கையில தூக்கிப் படம் எடுத்து, "டெக்னிக்" சொல்லித் தருகினம். சொல்லட்டும். ஆனால் பிழையாச் சொல்லக் கூடாது. பிழையாச் சொன்னால் உயிர் போற விசயமும் இதுக்குள்ள கிடக்கு, அதுக்குப் பிறகு வாறன்.

முதல்ல இந்த வள்ளத்தைப் பற்றி. பாஸ் வள்ளம் எண்ட சாமான் இப்பிடி வளர்ந்ததுக்குக் காரணம் போட்டி. 1967இல றே ஸ்கொட் எண்ட காப்புறுதி விக்கிற மனுசன் ஆர்கன்சோவில பீவர் லேக்கில ஒரு போட்டி வைச்சார். அடுத்த வருசம் சங்கம் தொடங்கினார். குறிச்ச நேரத்துக்குள்ள கூடின நிறையை ஆர் கொண்டு வாறது எண்டதுதான் போட்டி. அப்ப ஒரு மூலையில மீன் இல்லையெண்டால் அடுத்த மூலைக்குப் பறக்கவேணும். அதுக்குத்தான் அந்த எஞ்சின், அந்தத் தாழ்ந்த உடம்பு, பிடிச்ச மீனை உயிரோட வைச்சுக் காட்டுறதுக்கு அந்தத் தொட்டி. காசுக்கு ஓடுறவனுக்கு அது தொழில் ஆயுதம். மாசத்தில ரெண்டு சனிக்கிழமை போற எங்களுக்கு ஏன்? பஸ்ஸில வேலைக்குப் போறவன் பந்தயக் குதிரை வாங்கின மாதிரித்தான்.

உலக சாதனைப் பாஸ் எப்பிடிப் பிடிபட்டது எண்டு இந்தத் தம்பிமாருக்குத் தெரியுமோ? 1932 ஆனி 2ஆம் திகதி, ஜோர்ஜியாவில, ஜோர்ஜ் பெரி எண்ட ஒரு ஏழைக் கமக்காரன். பலகைத் துண்டுகளை வைச்சுத் தாங்களே அடிச்ச சின்ன வள்ளம். 22 இறாத்தல் 4 அவுன்ஸ். நிறுத்துப் பதிஞ்சுபோட்டு வீட்டை கொண்டுபோய்ச் சமைச்சுச் சாப்பிட்டினம். அது பஞ்சகாலம். 2009இல யப்பானில பீவா ஏரியில மனாபு குறிற்றா எண்டவர் அதைச் சமப்படுத்தினார். எழுபத்தேழு வருசம் எத்தினை லட்சம் எஞ்சின் ஓடியும் அந்தப் பலகை வள்ளத்தை ஒருத்தரும் தாண்டேல்லை. எங்கட ரெக்சாஸ் சாதனை 1992 தையில லேக் ஃபோர்க்கில பிடிபட்டது, 18.18 இறாத்தல். பிடிச்சவர் பாஸுக்கே போகேல்லை. கிராப்பி எண்ட சின்ன மீனுக்கு உயிர்ச் சின்னமீனை இரையாப் போட்டுக்கொண்டு இருந்தவர்.

இன்னொரு விசயம். பாஸ் எண்ட உடன எங்கட கொடுவாக்குச் சொந்தம் எண்டு நினைக்காதேங்கோ. இது சூரியமீன் எண்டு இஞ்ச சொல்லுற நன்னீர்க் குடும்பம். ஆனால் குணத்தைப் பார்த்தால் குளத்து விரால்தான். ஒரு மறைவில, தாமரைக்குக் கீழயோ விழுந்த மரத்துக்குப் பக்கத்திலயோ, அசையாமல் நிண்டு, கிட்ட வாறதை வாயைத் திறந்து உறிஞ்சி இழுக்கும். வன்னியில குளக்கட்டில இருந்து விராலுக்குத் தவளை போட்டவனுக்குப் பாஸ் பிடிக்க ஆரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. (எங்கட விரால் இந்த நாட்டில கள்ளன் தெரியுமோ? 2002இல இருந்து விரால் குடும்பத்தை உயிரோட நாட்டுக்குள்ள கொண்டுவரக் கூடாது எண்டு சட்டம். என்னை உள்ள விட யோசிச்ச மாதிரி அதையும் யோசிச்சிருக்கினம்.)

அப்ப மீன் எங்க நிக்குது? கரையில. மறைவுள்ள இடம் கரையோரம் தானே கூட. இஞ்ச மாசியில இருந்து சித்திரை வரைக்கும், தண்ணி பதினைஞ்சு பதினெட்டுப் பாகை வரேக்க, ஆழம் குறைஞ்ச இடத்தில ஆண் மீன் வாலால நிலத்தைக் கூட்டிக் கூடு செய்யும், முட்டையைக் காவல் காக்கும். அந்தக் காலத்தில இருபது அடி வள்ளத்தில நடு ஏரியில நிக்கிறவன், கரையில செருப்போட நிக்கிற பெடியனைவிட மீனுக்குத் தூரத்தில நிக்கிறான். ரவுண்ட் ராக்கில ஓல்ட் செற்லர்ஸ் பார்க்கில நடந்து போய்த் தூண்டில் போடலாம். ஜோர்ஜ்ரவுணில ஏரி இருக்கு, சான் கேப்ரியல் ஆறு இருக்கு. ஆற்றில குவாடலூப் பாஸ் எண்டு ஒரு சின்னச் சாதி, ரெக்சாஸைத் தவிர உலகத்தில வேற எங்கயும் சொந்தமா இல்லை. 1989இல மாநில மீன் எண்டு அறிவிச்சினம். கை அளவு மீன், ஓடுற தண்ணியில அது இழுக்கிற இழுவையைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒஸ்ரின் நடுவில லேடி பேர்ட் லேக்கில பெரிய பாஸ் கிடக்கு, அங்க பெற்றோல் எஞ்சினே ஓட்டக் கூடாது. 250 குதிரையையும் லாயத்தில கட்டிப்போட்டுத்தான் போகவேணும்.

சரி, தூண்டில் விசயத்துக்கு வாறன். கடையில நடந்தால் ஒரு சுவர் முழுக்கத் தடி, இன்னொரு சுவர் முழுக்கப் பொய் இரை. அதில பாதி மீனைப் பிடிக்கச் செய்ததில்லை, எங்களைப் பிடிக்கச் செய்தது.

ஒரு தடி போதும். ஆறரை அடிக்கும் ஏழடிக்கும் நடுவில, பலம் மீடியம், நுனி கெதியா வளையிறது, "ஃபாஸ்ற்" எண்டு தடியிலயே எழுதியிருக்கும். அதுக்கு ஒரு ஸ்பின்னிங் றீல், 2500 இல்லாட்டி 3000 அளவு. ரெண்டும் சேர்த்து நூறு டொலருக்குள்ள நல்லதா எடுக்கலாம். பெய்ற்காஸ்ரர் எண்ட மற்ற றீலைத் தொடக்கத்திலயே வாங்காதேங்கோ. நூல் போற வேகத்தைவிட உருளை வேகமாச் சுத்தினால் உள்ளுக்குக் குருவிக்கூடு. பெருவிரலால அதை அடக்கப் பழகக் கன நாள் செல்லும். நாள் முழுக்கச் சிக்கெடுத்துக்கொண்டு இருக்கிற ஆக்களை நான் கரையில பார்த்திருக்கிறன். பக்கத்தில கோழிக்காலைக் கடிச்சுக்கொண்டு அவையின்ர பிள்ளையள் மீன் பிடிச்சுக்கொண்டு நிக்கும்.

நூல். நாங்கள் தங்கூசி எண்டு சொல்லுற அதே நைலோன்தான் இஞ்ச மொனோ. பத்து இறாத்தல் மொனோ ஒண்டு போட்டால் தொடங்கிறவனுக்கு எல்லாத்துக்கும் காணும். அது கொஞ்சம் இழுபடும், மெல்லத்தான் தாழும், அதால மேல்த்தண்ணி இரைக்கு நல்லம். ஃபுளோரோகாபன் தாழும், தண்ணிக்குள்ள கண்ணுக்குக் குறைவாத் தெரியும், இழுவை குறைவு. பின்னல் நூல் துளியும் இழுபடாது, மெல்லிசு, பாசிக்குள்ளால அறுத்துக்கொண்டு வரும். ஆனால் எங்கட பக்கத்து ஏரியெல்லாம் சுண்ணாம்புக் கல். கல்லில உரசினால் பின்னல் நூல் கத்தரிச்ச மாதிரிப் போகும். பின்னல் போடுறதெண்டால் நுனியில ஆறு ஏழு அடிக்கு ஃபுளோரோ முடியவேணும். என்ன நூலெண்டாலும் ரெக்சாஸ் வெயிலில காருக்குள்ள விட்டுவைக்காதேங்கோ, வருசத்துக்கு ஒருக்கா மாத்துங்கோ. அறுந்த நூலைச் சுருட்டி வீட்டை கொண்டு வாங்கோ. கரையில விட்டால் கொக்கின்ர காலில சுத்தும். தங்கூசி வலை ஏன் இலங்கையில தடை எண்டு தெரிஞ்ச நாங்களே இதைச் செய்யக் கூடாது.

முடிச்சு பலோமார். நூலை மடிச்சுக் கொழுக்கியின்ர கண்ணுக்குள்ளால விட்டு, ஒரு சாதா முடிச்சு போட்டு, வாற வளையத்துக்குள்ளால கொழுக்கியைப் போட்டு இழுத்தால் சரி. இறுக்க முதல் ஈரமாக்கவேணும். அப்பா எப்பவும் முடிச்சை வாயில வைச்சு எச்சில்படுத்தித்தான் இறுக்குவார். ஏனெண்டு நான் கேட்டதில்லை. காய்ஞ்ச முடிச்சு உரசிச் சூடாகினால் நைலோன் பலம் இழக்கும் எண்டு இஞ்ச வந்துதான் வாசிச்சன். அண்டைக்கு வாசலில "டெக்னிக்" எண்டு சொல்லேக்க எனக்கு அந்த எச்சில்தான் ஞாபகம் வந்தது.

இரைக்கும் மூண்டு காணும். முதலாவது பிளாஸ்ரிக் புழு. 1949இல ஒகாயோவில நிக் கிறீம் எண்டவர் வார்த்தெடுத்த சாமான், பிறகு கொம்பனி ரெக்சாஸ் ரைலருக்கு வந்தது. ஐஞ்சு அங்குலம், பூசணிப் பச்சை நிறம், தண்ணி கலங்கலெண்டால் கறுப்பு. அதை ரெக்சாஸ் றிக் எண்ட முறையில கோக்கவேணும்: நூலில முதல் குண்டுமாதிரி ஒரு சின்ன நிறை, அவுன்சில எட்டில ஒண்டோ காலோ, பிறகு மூண்டின் கீழ் சைவர் அளவு வளைஞ்ச கொழுக்கி, அதின்ர முனையைத் திரும்பப் புழுவுக்குள்ளயே மறைச்சு விடுறது. பாசியில, மரத்தில கொழுவாது. எறிஞ்சுபோட்டு ஒண்டும் செய்யாதேங்கோ. நூலைப் பாருங்கோ. அநேகமான கடி புழு தாழேக்கதான். நூல் பக்கத்துக்கு நகர்ந்தால், இல்லாட்டித் தாழுறது இடையில நிண்டால், தளர்வைச் சுத்தி எடுத்து ஒரு இழுவை. கைத்தூண்டில் போட்டவனுக்கு இது ஆள்காட்டி விரலிலயே தெரியும். ரெண்டாவது ஸ்பின்னர்பெய்ற், காத்தடிச்சுத் தண்ணி அலைபடுற நாளுக்கு, எறியிறது சுத்துறது அவ்வளவுதான். மூண்டாவது மேல்த்தண்ணி இரை, விடியக்காலையிலும் மைமலிலும். ஆடி ஆவணியில பத்து மணிக்குப் பிறகு மேல்த்தண்ணியில தேடாதேங்கோ, மீன் கீழ இறங்கியிடும், நீங்களும் வீட்டை போங்கோ.

பிடிச்சதை விடுறதோ தின்னுறதோ எண்டு ஒரு சண்டை இருக்கு. அம்மா கேட்டிருந்தால் "சோத்தோட விளையாடாதை" எண்டிருப்பா. நான் நடுவில நிக்கிறன். சட்டப்படி பொதுவா 14 அங்குலத்துக்குக் கீழ உள்ள பெரியவாய்ப் பாஸை வைச்சிருக்கக் கூடாது, ஒரு நாளைக்கு ஐஞ்சு. சில ஏரிக்கு வேற கணக்கு. பெரிய மீனை விடுங்கோ. அதுதான் முட்டை போடுற பெட்டை. பெரிசில பாதரசமும் கூடச் சேர்ந்திருக்கும். கறிக்கு எண்டால் கிரேஞ்சர் ஏரியில கிராப்பி, பூனைமீன் பிடியுங்கோ, புளி விட்டால் அருமை. விடுறதெண்டால் ஈரக்கையால பிடியுங்கோ, வயித்தையும் தாங்குங்கோ. எட்டு இறாத்தல் மீனைச் சொண்டில மட்டும் தூக்கிப் படத்துக்குத் தொங்கவிட்டால் தாடை போயிடும். பிறகு அதை "விட்டனான்" எண்டு சொல்லுறது பொய்.

கரை காணாது, வள்ளம் வேணும் எண்டு ஆசையிருக்கிறவைக்கும் சொல்லுறன், நான் ஆசைக்கு எதிரி இல்லை. மேல இருக்கிற கயாக் ஒண்டு, இல்லாட்டி 14 அடி அலுமினியத் தட்டை வள்ளம் ஒண்டு பழசா வாங்குங்கோ. தட்டை வள்ளத்துக்குப் பத்துக் குதிரைக்குக் குறைஞ்ச எஞ்சினும், அணியத்தில 55 இறாத்தல் இழுவை மின்சார மோட்டரும், ஒரு பன்னிரண்டு வோல்ற் பற்றறியும் காணும். மோட்டர் பூட்டினால் கயாக்கையும் பதியவேணும். பழசு வாங்கேக்க ஆணி அடிச்ச வரியைப் பாருங்கோ, உள்ளுக்குத் தண்ணி விட்டு வெளியில கசியுதோ எண்டு பாருங்கோ, பின்பலகை உக்கியிருக்கோ எண்டு எஞ்சினைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ. எத்தினை பேர், எவ்வளவு நிறை எண்டு ஒரு தகடு வள்ளத்தில அடிச்சிருக்கும். அது சும்மா வடிவுக்கில்லை. தண்ணியில இறக்க முதல் அடியில உள்ள அடைப்பானைப் பூட்டுங்கோ. சிரிக்காதேங்கோ, சனிக்கிழமை இறங்குதுறையில நிண்டு பாருங்கோ, மறந்துபோய் வள்ளத்தைத் தாக்கிறவை எத்தினை பேரெண்டு. ஏறேக்க அதே அடைப்பானைக் கழட்டி முழுத் தண்ணியையும் வடிச்சுக் காயவிடவேணும், அது சட்டம். வரிக்குதிரை மட்டி எண்ட சனியன் 2009இல ரெக்சோமாவில முதல்முதல் இஞ்ச தெரிஞ்சுது. 2017இல ட்ராவிஸுக்கு வந்திட்டுது. தொட்டியில கிடக்கிற ஒரு கோப்பைத் தண்ணியே அதின்ர குஞ்சுக்குக் காணும்.

இப்ப முக்கியமான கதை. பங்குனியில அந்தச் சிவப்பு வள்ளத்தில லேக் ட்ராவிஸுக்குப் போனன். கூப்பிட்டார், போனன். தம்பி ஓட்டுறார், ஒன்பது வயசு மகன் நடுவில, நான் பக்கத்து இருக்கையில. எனக்கு என்ர லைஃப் ஜக்கெற். அதைப் பார்த்து மகன் கேட்டான், "அங்கிள், நீங்கள் நீந்த மாட்டீங்களோ?" நான் அவனுக்கும் போடச் சொன்னன். தம்பி சொன்னார், "அண்ணை, ஏரிதானே." பதின்மூண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு ஓடுற சின்ன வள்ளத்தில அது கட்டாயம் எண்டு சொன்னன். முகம் கறுத்துப் பெட்டியைத் திறந்தார். உள்ளுக்கு நாலு ஜக்கெற், நாலிலயும் கடைச்சீட்டு அறுக்கேல்லை. மகனுக்குப் போட்டம். அவர் போடேல்லை. ஓட்டுறவரின்ர உடம்பில கொழுவவேண்டிய எஞ்சின் நிப்பாட்டுற கயிறு சில்லுக்குப் பக்கத்தில ஆடிக்கொண்டு கிடந்துது.

நாப்பது மைல் வேகம் இருக்கும். அலைச்சறுக்கு வள்ளம் ஒண்டு விட்டுப்போன அலை குறுக்கால வந்துது. தொப்பி பறக்குதெண்டு அவர் அரைவாசி எழும்பினார். அவ்வளவுதான். ஒரு அடி, ஆள் இல்லை.

ஆள் விழுந்தால் வள்ளம் நேர போகும் எண்டு நினைக்காதேங்கோ. சுத்துற விசிறி சில்லை ஒரு பக்கம் இழுக்கும், வள்ளம் வட்டம் போட்டு விழுந்தவனிட்டயே திரும்பி வரும், விசிறியோட. நான் கைப்பிடியை எட்டி இழுத்து நிப்பாட்டேக்க அது வட்டத்தில பாதி திரும்பியிட்டுது. அவர் சப்பாத்தோட, தடிச்ச மேற்சட்டையோட, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டு நிக்கிறார். கூப்பிடக் குரல் வரேல்லை. கல்லூரியில நீச்சல் அணியில இருந்த ஆள். மிதக்கிற மெத்தையை எறிஞ்சு, கிட்டப் போய் எஞ்சினை முழுசா நிப்பாட்டி, பின்னேணியால ஏத்தினன். மகன் அழேல்லை. கரைக்கு வாறவரைக்கும் என்ர ஜக்கெற்றின்ர வாரைப் பிடிச்சுக்கொண்டு இருந்தான்.

"வீட்டில சொல்லாதேங்கோ அண்ணை" எண்டார். வீட்டில சொல்லேல்லை. இஞ்ச எழுதிறன், பேர் போடேல்லை. அவருக்கும் சொல்லிப்போட்டுத்தான் எழுதிறன்.

"எனக்கு நீந்தத் தெரியும்" எண்டு சொல்லுறவைக்கு. குளிர்த் தண்ணியில விழுந்தால் முதல் ஒரு நிமிசம் மூச்சு உங்கட கட்டுப்பாட்டில இல்லை. அப்ப தலை தண்ணிக்குள்ள இருந்தால் கதை முடிஞ்சுது. அடுத்த பத்து நிமிசத்துக்குள்ள கையும் காலும் விறைச்சு நீச்சல் மறந்துபோகும். உடம்பு சூடிழந்து மயங்க ஒரு மணித்தியாலமளவில செல்லும். ஒண்டு, பத்து, ஒண்டு எண்டு இஞ்ச படிப்பிக்கிறவை. அதாவது குளிரில சாகிறதுக்கு முதலே தாண்டு சாகிறதுதான் கூட. ஜக்கெற் அந்த முதல் பதினொரு நிமிசத்துக்குத்தான். மாரியில வடக்குக் காத்து திடீரெண்டு அடிச்சால் மத்தியானம் பெனியனோட நிண்டவன் பின்னேரம் நடுங்குவான், அதே நாளில. அமெரிக்கக் கரையோரக் காவல்படையின்ர கணக்கில, வள்ள விபத்தில தாண்டு செத்தவையில ஐஞ்சில நாலு பேருக்குக் குறையாமல் ஜக்கெற் போடாதவை. அந்தக் கயிறு ரெக்சாஸில 2019 புரட்டாசியில இருந்து சட்டம், நாடு முழுக்க 2021 சித்திரையில இருந்து. 2025 ஆடி வெள்ளத்தில ட்ராவிஸுக்குள்ள எத்தினை மரமும் வீட்டுச் சாமானும் வந்து விழுந்தது எண்டு இஞ்ச இருக்கிறவைக்குத் தெரியும். வெள்ளம் வந்து போன ஏரியில நாப்பது மைலில ஓடேக்க கட்டை உங்களைக் கேட்டுக்கொண்டு வராது.

எனக்கேன் இவ்வளவு கோபம் எண்டால், 1993இல நான் கிளாலியால கடந்தவன். ஆனையிறவுப் பாதை இல்லை, கடல்நீரேரிதான் வழி. இரவில, விளக்கில்லாமல். முன்னால ஒரு எஞ்சின் வள்ளம், அது பின்னால நாலைஞ்சு வள்ளத்தைக் கயித்தில கட்டி இழுக்கும். ஒவ்வொண்டிலயும் கைக்குழந்தை, கிழவி, சைக்கிள், அரிசி மூட்டை. வள்ளத்தின்ர விளிம்புக்கும் தண்ணிக்கும் நாலு விரல் இல்லை. கடற்படை வந்தால் சுடும், சுட்டிருக்கு. எங்களுக்கு முன்னுக்குப் போன வள்ளத்தில இருந்து ஒரு பிள்ளை விழுந்துது. நான் சத்தத்தைத்தான் கேட்டன். ஒரு சின்னச் சத்தம். இழுக்கிற வள்ளம் நிண்டால் எல்லாருக்கும் ஆபத்து, நிக்கேல்லை. அந்தத் தாய் கத்தக் கூடாதெண்டு வாயைப் பொத்தினவை. அந்த நூத்துக்கணக்கான சனத்தில ஒருத்தரிட்டயும் ஒரு ஜக்கெற் இல்லை. இருக்கிற நாடு எங்களுக்கு இல்லை.

இந்தத் தம்பியின்ர தாய் தகப்பனும் அந்த வழியால வந்தவைதான். அவரும் கைக்குழந்தையா அந்த வள்ளத்தில இருந்தவர், அவரே எனக்குச் சொன்னவர். அவருக்கு இப்ப நாலு ஜக்கெற் இருக்கு. பெட்டிக்குள்ள, சீட்டோட. மீனைக் காட்டுற திரைக்கு மூவாயிரம் டொலர், நாப்பது டொலர் ஜக்கெற் போட்டால் படத்தில வடிவில்லையாம்.

வள்ளத்தை வித்துப்போடச் சொல்லி நான் சொல்லேல்லை. கடனைக் கட்டட்டும். கயித்தைக் கொழுவட்டும்.

வாற சனிக்கிழமை விடிய ஐஞ்சரைக்கு நான் கிரேஞ்சர் ஏரிக்கு வெளிக்கிடுறன், தட்டை வள்ளத்தோட. ரெண்டு பேருக்கு இடம் இருக்கு, மூண்டாவது ஆளுக்குத் தகடு விடாது. கரையில நிண்டு போடுறவை எத்தினை பேரெண்டாலும் வரலாம். பதினேழு வயசும் அதுக்கு மேலயும் எண்டால் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வாங்கோ, நன்னீருக்கு முப்பது டொலர். அதுவும் இல்லையெண்டால் மாநிலப் பூங்கா ஒண்டுக்குப் போகலாம், அங்க லைசென்ஸ் கேக்க மாட்டினம். புழுவும் கொழுக்கியும் நான் தாறன். பெரியாக்களின்ர ஜக்கெற் மேலதிகமா ரெண்டு கிடக்கு, சின்னப்பிள்ளை அளவில ஒண்டு. அந்தச் சின்னதை அந்த மகன் கேட்டிருக்கிறான், அவன் வராட்டித்தான் மற்றவைக்கு.